வானொலி பாடுகிறது, பதிவில் மட்டும் மௌனம்: வீட்டுக் கணினியில் இணைய ஒலியைப் பதிவு செய்ய

பதிவை ஓட்டிப் பார்க்கிறீர்கள். கச்சேரி வர வேண்டிய இடத்தில் மின்விசிறிச் சத்தம், குக்கர் விசில், தெருவில் போகிற கீரைக்காரர் குரல். இல்லாவிட்டால் அதுவும் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு வெறும் நேர்கோடு. கணினி கெட்டுப்போகவில்லை. ரெக்கார்டர், அதாவது பதிவு செய்யும் மென்பொருள், தவறான வாசலில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கணினியில் ஒலி உள்ளே வரும் வாசல் வேறு, வெளியே போகும் வாசல் வேறு. மைக், லைன்-இன் இரண்டும் உள்வாசல். ஸ்பீக்கர், ஹெட்போன், எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர், புளூடூத் எல்லாம் வெளிவாசல். பிரவுசரில் ஓடும் வானொலி வெளிவாசல் வழியாகத்தான் போகிறது. ரெக்கார்டரோ, நிறுவியவுடன் உள்வாசலில், அதாவது மைக்கில், காதை வைத்துக் காத்திருக்கும். வெளியே போகும் ஒலியைத் திருப்பி ரெக்கார்டரிடம் கொடுப்பதுதான் மொத்த வேலையும். கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் திருப்பத்தில்தான் வருகின்றன.

எந்த வாசலில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பதிவை ஓடவிட்டு, மடிக்கணினியின் மைக் துளைக்குப் பக்கத்தில் விரலால் தட்டுங்கள். திரையில் அலை துள்ளினால் மைக்கைப் பதிவு செய்கிறீர்கள். தட்டினால் அசையாமல், பாட்டுக்கு மட்டும் அசைந்தால் சரியான வாசல். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் ஒலியே வராத வேறொரு சாதனம் தேர்வாகியிருக்கிறது. முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் இந்தச் சோதனையோடு இரண்டு நிமிடம் பதிவு செய்து, நிறுத்தி, ஓட்டிக் கேட்டுவிடுங்கள். திரையில் அலை ஆடுவதைப் பார்த்து நம்புவது போதாது. காதால் கேட்க வேண்டும்.

பதிவு செய்யத்தான் வேண்டுமா?

ஆகாசவாணி, சிங்கப்பூர் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்எம் போன்ற நிலையங்கள் இணையத்தில் அனுப்புவது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி3 அல்லது ஏஏசி ஓடை (ஸ்ட்ரீம்). அதை ஒலிக்கவிட்டு, பிடித்து, மறுபடி எம்பி3 ஆக்கினால் இரண்டு முறை சுருக்கியதாகும். ஜால்ரா, கஞ்சிரா போன்ற கூர்மையான ஒலிகளில் அந்த இழப்பு உடனே தெரியும். ஓடையின் முகவரி கிடைக்கிற இடத்தில் அதை அப்படியே கோப்பாக இறக்கிக்கொள்வதே மேல். தரம் குறையாது, வாட்ஸ்அப் மணியோசை உள்ளே நுழையாது, ஸ்பீக்கரை மூடிவைத்தாலும் பாதகமில்லை.

இதற்கு விஎல்சி பிளேயர் போதும். சில நிலையங்கள் எம்3யு அல்லது பிஎல்எஸ் என்று முடியும் சிறு கோப்பைக் கொடுக்கும். அதில் பாட்டு இருக்காது. நோட்பேடில் திறந்தால் உள்ளே முகவரிதான் இருக்கும். அப்படி எதுவும் தராத தளத்தில், பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் மீடியா என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, பிறகு வானொலியை ஓடவிடுங்கள். வரிசையில் முதலில் முளைப்பது பெரும்பாலும் ஓடையின் முகவரிதான். வலது கிளிக்கில் நகலெடுக்கலாம்.

விஎல்சியில் மீடியா மெனுவில் ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம். முகவரியை ஒட்டி, ஓடவிடுங்கள். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் என்பதை இயக்கினால் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் தோன்றும். அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் முடியும். கோப்பு விண்டோஸில் வழக்கமாக மியூசிக் ஃபோல்டருக்குப் போகும். காணவில்லை என்றால் பிரிஃபரன்சஸில் இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ரெக்கார்டு டைரக்டரி என்ற இடத்தைப் பாருங்கள், அங்கேயே மாற்றியும் கொள்ளலாம். கேட்க வேண்டாம், இறக்கினால் போதும் என்றால் மீடியா மெனுவிலேயே கன்வர்ட்/சேவ், அதில் நெட்வொர்க், முகவரி, பிறகு டம்ப் ரா இன்புட் என்ற கட்டத்தில் டிக். கோப்பின் பெயரையும் எம்பி3 அல்லது ஏஏசி என்ற பின்னொட்டையும் நீங்களே கொடுக்க வேண்டும். முகவரி எம்3யு8 என்று முடிந்தால் இந்த டம்ப் வழி சரிப்படாது. அங்கே ஒலி சில நொடித் துண்டுகளாக வருகிறது, டம்ப் செய்தால் துண்டுகளின் பட்டியல் மட்டும் கையில் மிஞ்சக்கூடும். அதற்குச் சிவப்புப் பொத்தான்தான்.

இன்னொன்று. சில முகவரிகளின் வாலில் நீளமான குறியீடு ஒட்டியிருக்கும். அது சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். நேற்று எடுத்துவைத்த முகவரி இன்று திறக்கவில்லையென்றால் புதிதாக எடுக்க வேண்டும், அவ்வளவே.

விண்டோஸில் லூப்பேக்

முகவரி கிடைக்காத இடங்களில்தான் நிஜமான ஒலிப்பதிவு. வெளிவாசல் ஒலியைத் திருப்பி ரெக்கார்டரிடம் தருவதுதான் லூப்பேக். இலவசமான ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இதற்குப் போதுமானது. மேலே இருக்கும் ஆடியோ செட்டப் பொத்தானை அழுத்துங்கள். ஹோஸ்ட் என்ற இடத்தில் எம்எம்இ என்று இருக்கும். அதை விண்டோஸ் வசாபி என்று மாற்றுங்கள். பிறகு ரெக்கார்டிங் டிவைஸ் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயரும் பக்கத்திலேயே லூப்பேக் என்ற சொல்லும் தெரியும். அதுதான் வேண்டியது. எம்எம்இ-யில் இருக்கும்வரை லூப்பேக் பட்டியலிலேயே வராது. பலர் "என் கணினியில் அந்த வசதி இல்லை" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். ரெக்கார்டிங் சேனல்ஸ் இரண்டு, ஸ்டீரியோ.

லூப்பேக்கிலும் எந்த ஸ்பீக்கருடையது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டு புளூடூத் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்க, ரியல்டெக் (கணினிக்குள் இருக்கும் ஒலிச் சிப்) ஸ்பீக்கரின் லூப்பேக்கைப் பிடித்தால் மௌனம்தான் பதிவாகும். எச்டிஎம்ஐ மானிட்டர் இணைத்தவுடன் விண்டோஸ் தானாகவே ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடும் பழக்கமும் உண்டு. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி இப்போது எதன் வழியே போகிறது என்று பாருங்கள், அதே பெயரை ஆடாசிட்டியில் தேடுங்கள். ஆடாசிட்டி திறந்த பிறகு ஹெட்போனைச் சொருகியிருந்தால் பட்டியலில் அது வராது. ஆடியோ செட்டப்பில் ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் கொடுத்தால் வந்துவிடும்.

லூப்பேக்குக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எதுவுமே ஒலிக்காதபோது அது மௌனத்தைப் பதிவு செய்வதில்லை, சும்மா நின்றுவிடும். பதிவுப் பொத்தானை அழுத்தியும் கோடு நகரவில்லையே என்று பதற வேண்டாம், பாட்டை ஓடவிட்டால் நகரும். ஆனால் இதனாலேயே ஒரு சிக்கலும் வரும். நடுவில் இணையம் இரண்டு நிமிடம் அறுந்து பிளேயர் நின்றுபோனால், அந்த இரண்டு நிமிடம் பதிவில் காலி இடமாகக்கூட இருக்காது. 60 நிமிட நிகழ்ச்சி 58 நிமிடமாகச் சுருங்கி, ஒட்டுப்போட்டதுபோல் கேட்கும். நேரக்கணக்கு முக்கியம் என்றால், ஒலியே இல்லாத ஒரு நீண்ட கோப்பை ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவின் சைலன்ஸ் மூலம் செய்து, வேறொரு பிளேயரில் சுழற்சியில் ஓடவிடுங்கள். கதவு மூடாமல் முட்டுக்கொடுத்து வைப்பதுபோல.

ஒலி அளவை லூப்பேக்கில் ஆடாசிட்டியின் ரெக்கார்டிங் ஸ்லைடரால் கட்டுப்படுத்த முடியாது. பிரவுசர் பிளேயரின் வால்யூம்தான் கணக்கு. அதை முழு அளவில் வைத்துவிட்டு, இரவில் வீட்டார் தூங்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் திருகியைக் குறையுங்கள் அல்லது ஹெட்போனைச் சொருகி, காதில் மாட்டாமல் கீழே வையுங்கள். பிளேயரில் வால்யூமைப் பாதியாக்கினால் பதிவும் பாதியாகும், மியூட் செய்தால் ஒன்றுமே வராது.

எதிரொலிபோல ஒவ்வொரு ஒலியும் இரண்டு மூன்றாகக் கேட்டு, போகப்போக ஊளையாக மாறினால், ஆடாசிட்டி பிடித்ததையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸில் சாஃப்ட்வேர் பிளேத்ரூ என்பதை அணையுங்கள். புதிய பதிப்புகளில் ஆடிபிள் இன்புட் மானிட்டரிங் என்ற பெயரில் இருக்கும்.

ஸ்டீரியோ மிக்ஸ், பழைய வழி

வெளியே போகும் ஒலியை உள்வாசல்போலக் காட்டும் சாதனம் ஸ்டீரியோ மிக்ஸ். வசாபி சரிப்படாத பழைய கணினிகளுக்கு இது. சவுண்ட் செட்டிங்ஸில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ், ரெக்கார்டிங் பக்கம். காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஷோ டிசேபிள்டு டிவைசஸ் கொடுத்தால் ஸ்டீரியோ மிக்ஸ் சாம்பல் நிறத்தில் தோன்றும். வலது கிளிக்கில் எனேபிள். தோன்றவே இல்லையென்றால், விண்டோஸ் தானாகப் போட்ட பொதுவான டிரைவர் ஓடிக்கொண்டிருக்கலாம். கணினி அல்லது மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அதே மாடலுக்கான ரியல்டெக் டிரைவரை நிறுவிப் பாருங்கள். அதன் பிறகும் வராத மாடல்கள் உண்டு, அங்கே இந்த வழியை மறந்துவிடலாம்.

ஸ்டீரியோ மிக்ஸ் ரியல்டெக் சிப் வழியாகப் போகும் ஒலியை மட்டுமே அறியும். யுஎஸ்பி ஹெட்செட், புளூடூத், எச்டிஎம்ஐ எதில் ஒலி போனாலும் அதற்குக் கேட்காது. அளவும் இங்கே கையில்தான்: லெவல்ஸில் 100 இருந்தால் உரத்த இடங்களில் உடைந்து கரகரக்கும். 50 அளவில் தொடங்கி, உச்சமான இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒருமுறை உச்சி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் மைக்கோ ஸ்டீரியோ மிக்ஸோ நேர்கோடாகவே இருந்தால் விண்டோஸின் பிரைவசி பக்கத்தில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி என்ற பொத்தான் அணைந்திருந்தால் ரெக்கார்டர் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. மௌனத்தைச் சமர்த்தாகப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஒரு செயலியின் ஒலி மட்டும் வேண்டுமென்றால்

கல்யாணி ஆலாபனை நடுவே "டிங்" என்று மின்னஞ்சல் வந்து விழுந்தால் அந்தப் பதிவு அவ்வளவுதான். லூப்பேக்கும் ஸ்டீரியோ மிக்ஸும் கணினி எழுப்பும் எல்லா ஒலியையும் சேர்த்தே பிடிக்கும். டு நாட் டிஸ்டர்ப் இயக்கி, மோர் சவுண்ட் செட்டிங்ஸில் சவுண்ட்ஸ் பக்கத்தில் சவுண்ட் ஸ்கீமை நோ சவுண்ட்ஸ் ஆக்குவது முதல் வேலை. அதே ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் பக்கமும் இருக்கிறது. ஏதாவது அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது அங்கே இயல்பான ஏற்பாடு. அதை டூ நத்திங் என்று மாற்றாவிட்டால், கூகுள் மீட் அழைப்பு ஒன்று வந்துபோன இடத்தில் பாட்டு திடீரென்று பாதாளத்துக்கு இறங்கியிருக்கும்.

கணினியில் வேறு வேலையும் பார்த்துக்கொண்டே பதிவு செய்ய வேண்டுமென்றால் விபி-கேபிள் என்ற மெய்நிகர் வயர் உதவும். ஜிப் கோப்பை முதலில் விரித்துவிட்டு, நிறுவியை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இதன் பெயர்கள் தலைகீழாகத் தோன்றும்: கேபிள் இன்புட் என்பது ஒலி போகும் சாதனம், கேபிள் அவுட்புட் என்பது ரெக்கார்டர் கேட்கும் சாதனம். வயரின் இரு முனைகளாக நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். விண்டோஸ் 11-இல் சவுண்ட் செட்டிங்ஸில் வால்யூம் மிக்சரைத் திறந்து, வானொலி ஓடும் பிரவுசரின் அவுட்புட் டிவைஸை மட்டும் கேபிள் இன்புட் ஆக்குங்கள். ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸ் கேபிள் அவுட்புட். மற்ற செயலிகள் வழக்கம்போல் ஸ்பீக்கரில் பேசிக்கொள்ளட்டும். இப்போது பாட்டு உங்கள் காதுக்கு வராது, வயருக்குள்தான் போகிறது. கேட்கவும் வேண்டுமென்றால் ரெக்கார்டிங் பக்கத்தில் கேபிள் அவுட்புட்டின் பிராப்பர்ட்டீஸ், லிசன் பகுதியில் லிசன் டு திஸ் டிவைஸ் டிக் செய்து ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். வானொலிக்கு ஒரு பிரவுசர், உங்கள் வேலைக்கு வேறொரு பிரவுசர் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. ஒரே குரோமில் இரண்டு தாவல் என்றால் இரண்டும் ஒரே வயரில்தான் போகும்.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் பழக்கப்பட்டவர்கள் அதிலேயே அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் பயன்படுத்தலாம். ஆனால் மிக்சரில் டெஸ்க்டாப் ஆடியோவையும் மைக்கையும் மியூட் செய்யாவிட்டால் ஒரே ஒலி இரட்டிப்பாகப் பதிவாகும்.

கரகரப்பு, துண்டிப்பு, சுருதி மாற்றம்

துண்டிப்பு இணையத்தில் நேர்ந்ததா, பதிவில் நேர்ந்ததா என்று முதலில் பிரித்தறியுங்கள். கேட்கும்போதே பாட்டு நின்று, சக்கரம் சுற்றி, மறுபடி தொடங்கியதென்றால் இணையம். வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் போட்டாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். வேகம் பெரிதாகத் தேவையில்லை. 128 கேபிபிஎஸ் ஓடை மணிக்குச் சுமார் 58 எம்பி-தான் இழுக்கும், தொடர்ச்சிதான் முக்கியம். கேட்கும்போது ஒழுங்காக இருந்து பதிவில் மட்டும் தாளம் தாவுகிறதென்றால் கணினிதான் திணறுகிறது. ஆடாசிட்டியின் ரெக்கார்டிங் பிரிஃபரன்சஸில் டிடெக்ட் டிராப்-அவுட்ஸ் இயக்கியிருந்தால் விட்டுப்போன இடங்களை அதுவே குறித்துக் காட்டும். ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் பஃபரின் நீளத்தை 100 மில்லிநொடியிலிருந்து 200, 300 என்று கூட்டிப் பாருங்கள். பென் டிரைவிலோ, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரிலோ பதிவை வைக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நடுவில் அவை பிடித்து இழுக்கும்.

வேகமும் சுருதியும் மாறிக் கேட்டால் சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண், பொருந்தவில்லை. 44,100-இல் பிடித்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் சுமார் 9 சதவீதம் வேகமாகும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ பாடுவதுபோல் கேட்கும். சங்கீதம் தெரியாதவர்கூட "என்னமோ பொம்மை மாதிரி இருக்கே" என்பார்கள். ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும் எண்ணும், ஆடாசிட்டியின் புராஜெக்ட் சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும். ஏற்கெனவே பாழான பதிவாக இருந்தால் தூக்கிப்போடாதீர்கள்: டிராக்கின் பெயர் மெனுவில் ரேட் என்பதைத் திறந்து, வேகமாக ஓடினால் 44,100, மெதுவாக ஓடினால் 48,000 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஏதோ ஒரு செயலி திறந்துவிட்டது. மைக் திறந்தவுடன் ஹெட்செட் தொலைபேசித் தரத்துக்கு, மோனோவுக்கு, இறங்கிவிடும். பதிவு நேரத்தில் புளூடூத்தையே அணைப்பது மேல். லவுட்னெஸ் ஈக்வலைசேஷன், டால்பி போன்ற ஒலி அலங்காரங்களையும் அணைத்துவிடுங்கள். பல கணினிகளில் அவையும் பதிவில் ஏறிக்கொள்ளும். அதுவும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும்.

ஆள் இல்லாதபோது பதிவு செய்ய

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 6 மணி நிகழ்ச்சி சென்னையில் விடிகாலை 3.30. லண்டன் நிகழ்ச்சியென்றால் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் கூட்ட வேண்டும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அங்கே கடிகாரம் மாறும், அந்த வாரங்களில் பட்டியலைத் திருத்த மறந்தால் ஒரு மணி நேரம் தவறும்.

ஆடாசிட்டியின் டைமர் ரெக்கார்டில் தொடக்கம், முடிவு, தானாகச் சேமிப்பது எல்லாம் கொடுக்கலாம். ஆனால் அது வானொலியைத் திறக்காது. ஓடை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இணைய ஒலி வானலையைவிடச் சில நொடி முதல் ஒரு நிமிடம்வரை பின்தங்கி வரும், நிகழ்ச்சிகளும் குறித்த நேரத்தைத் தாண்டும். முன்னால் 5 நிமிடமும் பின்னால் 10 நிமிடமும் கூட்டி வையுங்கள். திருவையாற்றுப் பஞ்சரத்ன கோஷ்டி கானம்போல ஆண்டுக்கு ஒருமுறை வரும் நேரடி ஒலிபரப்புக்கு முன்னால் அரை மணி நேரம் கூட்டினாலும் தப்பில்லை.

கணினி தூங்கினால் டைமரும் தூங்கிவிடும். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நெவர், மூடியை மூடினால் டூ நத்திங். திரை மட்டும் அணையலாம், அதனால் கெடுதல் இல்லை. விண்டோஸ் அப்டேட்டின் ஆக்டிவ் அவர்ஸை அதிகபட்சம் 18 மணி நேரம்வரை நீட்டலாம். விடிகாலைப் பதிவு அதற்குள் விழும்படி வையுங்கள், அல்லது பாஸ் அப்டேட்ஸ் கொடுத்து ஒரு வாரத்துக்கு அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.

அடுத்தது மின்சாரம். பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. எந்தப் பகுதிகள் என்று முன்தினமே செய்தித்தாளில் வந்துவிடும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. ரௌட்டரும், தனியாக இருந்தால் ஃபைபர் பெட்டியும் உடனே அணைந்துவிடும். அவற்றுக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டு பெட்டி என்றால் இரண்டு வெளியீடு உள்ளதாகப் பார்க்க வேண்டும். இது இல்லாத வீட்டில் ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலும் ரௌட்டர் எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடமாகும், பிரவுசர் பிளேயர் அதற்குள் கைவிட்டுவிடும். விஎல்சியில் ரிப்பீட்டை இயக்கி வைத்தால் அறுந்த ஓடையை மறுபடி திறக்க முயலும் என்பதால் நீண்ட பதிவுகளுக்கு ஓடையை விஎல்சியில் ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இடம் எவ்வளவு வேண்டும்? 44,100, 16 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்குச் சுமார் 635 எம்பி. ஆடாசிட்டி இயல்பாக வைத்திருக்கும் 32 பிட் ஃப்ளோட்டில் அது இரட்டிப்பு, 1.27 ஜிபி. மூன்று மணி நேரக் கச்சேரி 3.8 ஜிபி. இணைய வானொலிக்கு 16 பிட் தாராளம். குவாலிட்டி பிரிஃபரன்சஸில் மாற்றிவிடலாம். சுருக்காத ஒலிக்கான வேவ் கோப்புக்கு 4 ஜிபி எல்லை இருப்பதையும் மறக்க வேண்டாம்: 32 பிட்டில் சுமார் 3 மணி 22 நிமிடம், 16 பிட்டில் 6 மணி 45 நிமிடம். முழு இரவுப் பதிவை ஒரே வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யப்போய் உடைந்த கோப்பு கையில் கிடைப்பது இதனால்தான். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் ஏற்றுமதி செய்தால் அந்தத் தொல்லை இல்லை, இடமும் குறையும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆடாசிட்டிக்கு விண்டோஸ்போல் லூப்பேக் வாசல் கிடையாது. பிளாக்ஹோல் என்ற இலவச டிரைவரின் இரண்டு சேனல் பதிப்பை நிறுவி, ஆடியோ மிடி செட்டப்பில் மல்டி-அவுட்புட் டிவைஸ் ஒன்றை உருவாக்குங்கள். ஸ்பீக்கர், பிளாக்ஹோல் இரண்டையும் டிக் செய்து, பிளாக்ஹோலுக்கு டிரிஃப்ட் கரெக்‌ஷன் இயக்கி, கணினியின் அவுட்புட்டை அதற்கு மாற்றுங்கள். ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸ் பிளாக்ஹோல். மல்டி-அவுட்புட்டில் விசைப்பலகையின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது, அது பழுதல்ல. மைக் அனுமதி கேட்கும்போது மறுத்துவிட்டால் இங்கேயும் மௌனம்தான்.

லினக்ஸில் வேலை மிகச் சுலபம். பவுகன்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியை நிறுவி, ஆடாசிட்டியில் பதிவைத் தொடங்கிவிட்டு, பவுகன்ட்ரோலின் ரெக்கார்டிங் பகுதியில் மானிட்டர் என்று தொடங்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

எதுவும் நடக்கவில்லையென்றால் வயர்

கைப்பேசியில் மட்டும் ஓடும் செயலியிலிருந்து எடுக்க, இரு முனையும் ஆணாக உள்ள 3.5 மி.மீ. ஸ்டீரியோ வயர் ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பின் பின்னால் நீலத் துளைதான் லைன்-இன், அங்கே சொருகுங்கள். இளஞ்சிவப்பு மைக் துளையில் சொருகினால், மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் ஹெட்போனின் பெரிய சமிக்ஞை வந்து மோதிக் கிழிந்து கேட்கும். மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளையின் மைக் பகுதி மோனோ; மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளின் மைக் துளையும் பெரும்பாலும் அப்படியே. வீணை ஒரு காதிலும் மிருதங்கம் காணாமலும் போனால் அதுதான் காரணம். அட்டையில் ஸ்டீரியோ லைன்-இன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

"ம்ம்ம்" என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் இரு சாதனங்களின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் சுற்று (கிரவுண்ட் லூப்). கணினியும் மற்ற சாதனமும் ஒரே பிளக் பலகையில் இருக்கட்டும், அல்லது நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றில் துளைகளே களிம்பு பிடித்து ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, சொருகி நாலைந்து முறை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

எது செய்யலாம், எது கூடாது

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு சொந்த, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்தை அனுமதிக்கிறது. வீட்டில் கேட்க எடுத்த பதிவை யூடியூபில் ஏற்றுவதோ குழுக்களில் பரப்புவதோ அதில் அடங்காது. கட்டணப் பாட்டுச் சேவைகளும், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மார்கழி ஆன்லைன் கச்சேரிகளும் பதிவைத் தங்கள் விதிமுறைகளில் தடுத்திருப்பது வழக்கம். நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றமாகவே பார்க்கப்படலாம். அத்தகைய சேவைகளில் செயலிக்குள்ளேயே இருக்கும் ஆஃப்லைன் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பதிவான பின்

தலையையும் வாலையும் வெட்டி, எஃபெக்ட்ஸில் நார்மலைஸ் கொடுத்து உச்ச ஒலியை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கர்நாடக சங்கீதத்துக்கு ஆகவே ஆகாது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணுவது அதன் வேலை; தம்புராவும் சுருதிப் பெட்டியும் செய்வது அதைத்தானே! முதலில் அவற்றைத்தான் தின்னும். மௌன இடங்களை வெட்டும் டிரங்கேட் சைலன்சும் வேண்டாம், பாடகர் விடும் நிறுத்தத்தில் கை வைத்துவிடும்.

பாட்டு பாட்டாகப் பிரிக்க மௌனத்தை வைத்துத் தானாக வெட்டும் லேபிள் சவுண்ட்ஸ் சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்குச் சரி. கச்சேரியில் பாட்டுகளுக்கு நடுவேயும் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அது தோற்றுவிடும். கைதட்டல் அலைவடிவத்தில் அடர்ந்த புதர்போலத் தெரியும். அதன் முடிவில் சொடுக்கி, கன்ட்ரோல்-பி அழுத்தி, ராகமும் பாட்டின் பெயரும் எழுதுங்கள். எல்லாம் குறித்தபின் ஏற்றுமதியில் லேபிள்படி பல கோப்புகள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்துவிடும். லேபிளில் எழுதியதே கோப்பின் பெயராகும் என்பதால் முன்னால் 01, 02 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி அகர வரிசையில் அடுக்கி மங்களத்தை வர்ணத்துக்கு முன்னால் பாடவைத்துவிடும்.